உயிரோடு இருப்பவர்களுக்கு இடமில்லை

ஜனவரி 9

அண்ணா,

உங்கள் தங்கைதான் எழுதுகிறேன். கையெழுத்து மறந்திருக்காது என்று நினைக்கிறேன். சின்ன வயதில் அதைப் பார்த்து 'கோழி கிளறின மாதிரி இருக்கு' என்று நீங்கள்தான் தலையில் குட்டுவீர்கள்.

என் வீட்டுக்காரருக்கு நுரையீரல் கெட்டுவிட்டது. டாக்டர் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, மழைக்காலம் வரை தாங்கினால் பெரிய விஷயம் என்றார். நான் வெளியே வந்ததும் இவர், "என்னவாம், எப்போ காலி பண்ணச் சொல்றாரு?" என்று கேட்டார். வாய் மட்டும் இன்னும் கெடவில்லை.

உங்களிடம் ஒரு காரியமாகத்தான் எழுதுகிறேன். நீங்கள் பதிப்பாசிரியராக இருந்து நடத்தும் 'புவியியல் சிந்தனையாளர் வரிசை'யில் கடைசித் தொகுதி இந்த வருடம் வருகிறது, அதோடு வரிசையை மூடிவிடுகிறார்கள் என்று புவியியல் துறையில் இவரோடு வேலை பார்த்த ஒருவர் வந்து சொன்னார். அன்றிலிருந்து இவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. காப்பி ஆறிப்போனால்கூட அரைமணி நேரம் பேசுகிற மனிதர். ஒன்றைப் பற்றி மட்டும் பேசாமல் இருந்தால் அது உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது என்று எனக்குத் தெரியாதா?

அதில் அவரைப் பற்றியும் ஒரு கட்டுரை வரவேண்டும், அவருக்கு ஓர் இடம் வேண்டும். அவர் உங்களிடம் கேட்க மாட்டார். உயிர் போனாலும் கேட்க மாட்டார். அதனால் நான் கேட்கிறேன்.

தங்கை


ஜனவரி 20

அன்புள்ள தங்கைக்கு,

மாப்பிள்ளையின் உடல்நிலை அறிந்து வருந்தினேன். இப்படி ஒரு வரி எழுதுவது மரியாதை, எழுதிவிட்டேன்.

வரிசைக்கு இரண்டு விதிகள் உண்டு. முதல் தொகுதியைத் தொடங்கிய பெரியவர் வகுத்தவை. நான் பொறுப்புக்கு வந்த பிறகு ஒருமுறைகூட மீறியதில்லை. ஒன்று, உயிரோடு இருப்பவரைப் பற்றி எழுதுவதில்லை. ஒருவருடைய சிந்தனை முடிந்துவிட்டதா என்பது அவர் முடிந்த பிறகுதான் தெரியும். நாளைக்கே அவர் மனம் மாறி எல்லாவற்றையும் தலைகீழாகச் சொன்னால் நாங்கள் அச்சடித்ததைத் தின்னவா முடியும்? இரண்டு, குடும்பத்தாரின் எழுத்துமூலமான சம்மதம் இல்லாமல் ஒரு பக்கமும் அச்சேறாது. இரண்டாவது உன் கையில் இருக்கிறது. முதலாவது மாப்பிள்ளை கையில்.

ஜூன் கடைசியில் தொகுதி அச்சகத்துக்குப் போகிறது. மழைக்காலம் என்று டாக்டர் சொன்னது கொஞ்சம் இழுபறியாக இருக்கிறது. ஜூனுக்குள்ளேயே என்றால் ஒரு சங்கடமும் இல்லை.

கட்டுரையை வேறு யாரிடமும் கொடுக்கமாட்டேன், நானே எழுதுகிறேன். அவரைப் பற்றி என்னைவிட அதிகம் யோசித்தவர் யாரும் இல்லை. அந்த மாநாடு உனக்கு நினைவிருக்கும், நீ முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாய். பத்து வருட உழைப்பில் நாட்டையே இயற்கை வட்டாரங்களாகப் பிரித்து நான் வரைந்த வரைபடம் மேடையில் தொங்கியது. ஒரு வட்டாரத்துக்கு எல்லையாக ஓர் ஆற்றை வைத்திருந்தேன். அந்த வருட வெள்ளத்தில் ஆறு இடம் மாறிவிட்டது, எனக்குச் செய்தி வரவில்லை. உன் வீட்டுக்காரருக்கு வந்திருந்தது. அதை என்னிடம் தனியாகச் சொல்லாமல், மேடையேறி, "ஆறுகூட மச்சானை மதிக்கலையே" என்றார். அரங்கம் சிரித்தது. நீயும் சிரித்தாய்.

அன்றிலிருந்து துறையில் எனக்குப் பெயர் 'நகர்ந்த ஆறு'. புதிதாகச் சேரும் மாணவர்களுக்குக்கூட முதல் வாரத்திலேயே சொல்லிவிடுவார்கள்.

அண்ணன்


பிப்ரவரி 3

அண்ணா,

உங்கள் கடிதம் கிடைத்தது. 'ஜூனுக்குள்ளேயே என்றால் சங்கடம் இல்லை' என்று ஒரு மனிதன் கூடப்பிறந்தவளுக்கு எழுதுவானா? ஒளித்து வைக்கலாம் என்று பார்த்தேன், அதற்குள் இவர் தலையணைக்கு அடியில் கைவிட்டு எடுத்துவிட்டார்.

படித்துவிட்டுச் சிரித்தார் அண்ணா. இருமல் வந்து, மூச்சு முட்டி, நான் முதுகைத் தடவிவிட்டு, அப்புறமும் சிரித்தார். "உன் அண்ணனுக்கு இப்பதான் எழுத்து வந்திருக்கு. முன்னாடியெல்லாம் எழுதினா பல்லு விளக்காம பேசின மாதிரி இருக்கும்" என்றார். ரொம்ப நாளைக்குப் பிறகு இரண்டாவது முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

கட்டுரையை எழுதினால் அனுப்பச் சொல்கிறார். "அவன் பழி தீர்ப்பான். ஆனா தப்பா எழுத மாட்டான். ஒரு தடவை தப்பு பண்ணி வாங்கிக் கட்டிக்கிட்டவன்" என்கிறார்.

நான் சிரித்தது உண்மைதான். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது, புதிதாகக் கல்யாணமானவள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். இத்தனை வருடம் அதைப் பத்திரமாக வைத்திருந்தீர்களா?

தங்கை


மார்ச் 14

தங்கைக்கு,

கட்டுரையின் முதல் வடிவத்தை இணைத்திருக்கிறேன். பிறந்த தேதிக்கு அடுத்து ஒரு சிறுகோடு போட்டு இடம் விட்டிருக்கிறேன். அதைத் தவிர மற்றதெல்லாம் தயார். எல்லாம் இறந்தகாலத்தில் இருக்கிறது, மாப்பிள்ளை அதைப் பெரிதுபடுத்த வேண்டாம். இது இந்த வகை எழுத்தின் இலக்கணம்.

நடுப்பகுதி இப்படிப் போகிறது, நீயும் படித்துப் பார்: 'நிலம்தான் மனிதனை ஆக்குகிறது என்றார்கள் முன்னோர். வெயில் சோம்பலைத் தரும், மலை வீரத்தைத் தரும் என்று வகுப்பெடுத்தார்கள். பின்னால் வந்தவர்கள், நிலம் வழிகளைக் காட்டுகிறது, மனிதன்தான் தேர்ந்துகொள்கிறான் என்றார்கள். அவர்களுக்கும் பின்னால் வந்தவர்கள் மனிதனை விட்டுவிட்டு ஊருக்கு ஊர் தூரத்தை அளந்து சூத்திரம் போட்டார்கள். இவர் எல்லோரையும் பார்த்து ஒன்றையே கேட்டார்: தேர்ந்துகொள்கிற அந்த மனிதன் எந்த ஊர்க்காரன்? ஒவ்வொரு பெரிய நகரமும் தன்னைச் சுற்றி ஒரு நிழலை விரிக்கிறது என்றார். அந்த நிழலில் கடைகள் மூடுகின்றன, பள்ளிகள் காலியாகின்றன, பேருந்து நிற்காமல் போகிறது. சின்ன ஊர் சோம்பலால் அழிவதில்லை, பக்கத்தில் ஒன்று வளர்ந்ததால் அழிகிறது என்று காட்டினார். அவருக்குப் பிறகு நகரங்களை யாரும் பழைய கண்ணோடு பார்க்க முடியவில்லை.'

இதற்கு அடுத்த பத்தியை மாப்பிள்ளை விரும்பமாட்டார்: 'இவரும் ஒரு பெரிய நகரமாகவே வாழ்ந்தார். இவரைச் சுற்றி இருந்த யாரும் வளரவில்லை.'

திருத்தம் இருந்தால் பென்சிலில் குறிக்கச் சொல்.

அண்ணன்


ஏப்ரல் 11

அண்ணா,

ஒரு மாதமாக இந்த வீட்டில் உங்கள் கட்டுரைதான் பேச்சு. காலையில் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் மாலை வரை பென்சிலும் கையுமாக இருக்கிறார். மேசையில் பாதி அந்தப் பழைய பூகோள உருண்டை, மீதிப் பாதியில் நீங்கள். 'உன் அண்ணன் இந்த வருஷத்தைத் தப்பா போட்டிருக்கான்', 'இல்ல, சரியாத்தான் போட்டிருக்கான், சனியன்' என்று தனக்குத்தானே சண்டை.

அந்த 'யாரும் வளரவில்லை' பத்திக்குப் பக்கத்தில் என்ன எழுதுவார் என்று பயந்துகொண்டே பார்த்தேன். 'உண்மை. இருக்கட்டும்' என்று எழுதியிருந்தார். அந்த 'யாரும்' என்பதில் நானும் உண்டு என்பது எனக்குத் தெரியும் அண்ணா. கணக்கு டீச்சராக இருந்தேன். இவருக்கு வெளியூர் வேலை வந்ததும் அதையும் விட்டேன். அதை இரண்டு பேரும் சேர்ந்து எழுதி, திருத்தி, ஒப்புக்கொண்டீர்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. போகட்டும்.

இப்போது நல்ல செய்தி. புதிய மருந்து ஒத்துக்கொண்டது. போன வாரம் எடுத்த படத்தைப் பார்த்து டாக்டரே ஆச்சரியப்பட்டார். இரண்டு மூன்று வருடம்கூட ஓட்டலாம், மாத்திரையை மட்டும் ஒருவேளைகூட விடக்கூடாது என்றார். நேற்று இவர் தெருமுனைக் கடை வரை நடந்து போய்ப் பென்சில் வாங்கிவந்தார். கடைக்காரர் ஆளை அடையாளம் தெரியாமல் விழித்தாராம்.

ஆகையால் அந்த விதியை இந்த ஒரு தடவை தளர்த்துங்கள். அவர் இருக்கும்போதே அச்சில் பார்க்கட்டும். உங்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம்?

தங்கை


ஏப்ரல் 25

தங்கைக்கு,

மாப்பிள்ளை தேறியது அறிந்து மகிழ்ச்சி. கட்டுரையைத் தொகுதியிலிருந்து எடுத்துவிட்டேன்.

அதற்கு ஒதுக்கியிருந்த ஏழு பக்கத்தையும் ஒரு மண் ஆய்வாளருக்குக் கொடுத்திருக்கிறேன். சுமாரான ஆள்தான். ஆனால் பிப்ரவரியிலேயே ஒழுங்காக இறந்துவிட்டார். மனைவி மறுநாளே சம்மதம் எழுதிக் கொடுத்தாள்.

விதியைத் தளர்த்து என்கிறாய். ஒருவருக்குத் தளர்த்தினால் நாளைக் காலை என் வாசலில் தடி ஊன்றிக்கொண்டு ஒரு கூட்டமே வந்து நிற்கும். எல்லோருக்கும் மூச்சு வாங்குகிறது, எல்லோருக்கும் ஏழு பக்கம் வேண்டும். ஜூன் கடைசி என்பதும் மாறாது. அச்சகத்தில் இயந்திரத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது, எனக்காகவோ உனக்காகவோ ஒரு நாள்கூடத் தள்ளிப்போட மாட்டார்கள்.

வாழ்வா, இடமா என்று பார்த்தால் வாழ்வு பெரிது என்று மாப்பிள்ளையே ஒப்புக்கொள்வார். நல்ல மருந்து கிடைத்திருக்கிறது. நன்றாக இருக்கச் சொல்.

அண்ணன்


மே 23

அண்ணா,

போன கடிதத்தை எனக்கு முன்னால் அவர் பிரித்துவிட்டார். தபால்காரர் மணியடித்தபோது நான் குளித்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்தால் கடிதத்தை மடித்து மேசைமேல் வைத்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "சரியாத்தானே சொல்லியிருக்கான். விதின்னா விதிதான்" என்றார். சிரிக்கவில்லை.

அப்புறம் நாளுக்கு நாள் மூச்சு வாங்க ஆரம்பித்தது. மருந்து கைவிட்டுவிட்டதோ என்று நான் டாக்டரிடம் அழுதேன். நேற்று மேசையைத் துடைக்கும்போது அந்தப் பூகோள உருண்டையை நகர்த்தினேன். உள்ளே கலகலவென்று சத்தம். அது நடுவில் இரண்டாகப் பிரிகிற உருண்டை, உங்களுக்குத் தெரியும், எங்கள் கல்யாணத்துக்கு நீங்கள் வாங்கிக் கொடுத்தது. பிரித்துப் பார்த்தேன். அவ்வளவு மாத்திரைகள். நான் கையில் கொடுத்து, தண்ணீர் கொடுத்து, விழுங்கிவிட்டார் என்று நினைத்தேனே, அவ்வளவும் அதற்குள் கிடந்தன.

"ஏங்க இப்படிப் பண்றீங்க?" என்று அவர் காலைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். "ரெண்டு வருஷம் மூச்சு வாங்கிக்கிட்டு இருந்துட்டு, ஒரு தடயமும் இல்லாம போறதுக்கு, இப்பவே போனா ஏழு பக்கமாவது மிஞ்சும்" என்றார். நான் என்ன ஆவேன் என்று கேட்டேன். அவர் உருண்டையின் இரண்டு பாதியையும் சேர்த்து மூடி, மேசையில் பழைய இடத்திலேயே வைத்தார்.

நானே ஒரு கடிதம் எழுதி, உங்களிடமிருந்து வந்ததாகப் படித்துக் காட்டினேன். 'கட்டுரையைச் சேர்த்துவிட்டேன், உயிரோடு இருந்தாலும் பரவாயில்லை, வாழ்த்துகள்' என்று. இவர் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டார். "உன் அண்ணன் ஒரு குத்தல் இல்லாம நாலு வரி எழுத மாட்டான்" என்றார்.

அதனால் உங்கள் கையாலேயே வேண்டும். உங்கள் எழுத்தில், உங்கள் குத்தலோடு, கட்டுரை இருக்கிறது என்று நாலு வரி. நிஜமாகச் சேர்க்கவேண்டாம். பொய் சொன்னால் போதும். அச்சாகி வரும்போது பார்த்துக்கொள்ளலாம், அதற்குள் உடம்பு பழையபடி மருந்துக்குப் பழகிவிடும். அண்ணா, உங்களிடம் நான் இதுவரை எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை. காலில் விழுந்து கேட்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தங்கை


ஜூன் 2

தங்கைக்கு,

நீ கேட்டதை என்னால் செய்ய முடியாது.

என் வாழ்க்கையில் நான் ஒரே ஒரு கோட்டைத் தப்பாக வரைந்தேன். தெரியாமல் வரைந்தது. அதற்காக உன் வீட்டுக்காரர் முப்பது வருடம் என்னை அந்தக் கோட்டுக்குள்ளேயே உட்காரவைத்தார். துறைத்தலைவர் பதவி எனக்கு வரவேண்டிய வருடம், தேர்வுக்குழுவில் இருந்த ஒருவர், 'ஆறு இப்போ எந்தப் பக்கம் ஓடுது சார்?' என்று கேட்டுச் சிரித்தார். பதவி மாப்பிள்ளைக்குப் போனது. இப்போது அவருக்காகவே, தெரிந்தே, இரண்டாவது தப்பை எழுதச் சொல்கிறாய். என் கையெழுத்தில் ஒரு பொய் இருந்தால் அதை ஒருநாள் அவரே எடுத்துப் படித்துக் காட்டுவார். உயிர் பிழைத்தால் அதைத்தான் முதலில் செய்வார்.

நான் யாரையும் சாகச் சொல்லவில்லை. விதி இது என்று மட்டும் சொன்னேன். வளர்ந்த மனிதர், படித்தவர், நிலம் மனிதனை ஆட்டிவைப்பதில்லை, மனிதன்தான் தேர்ந்துகொள்கிறான் என்று அவரே பாடம் நடத்தியிருக்கிறார். தேர்ந்துகொள்ளட்டும்.

மாத்திரையைப் பொடி செய்து பாலில் கலந்து கொடுத்துப் பார்.

அண்ணன்


ஜூன் 21

சிறுகோட்டுக்கு அடுத்து விட்டிருந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்: ஜூன் 19.

பாலைக் குடிக்கவில்லை. வாசனை பிடித்துவிட்டார்.


ஜூன் 27

என் அன்புத் தங்கைக்கு,

உன் இரண்டு வரியைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நம்பினால் நம்பு. இந்த வீட்டில் சுவரெல்லாம் சுருட்டிவைத்த வரைபடங்கள். அவற்றைத் தவிர எனக்குப் பேச்சுத்துணை யாரும் இல்லை. என்னோடு சண்டை போடத் தகுதியுள்ள ஒரே ஆள் போய்விட்டார்.

நீ மறுக்கமாட்டாய் என்ற உரிமையில் ஒரு காரியம் செய்திருக்கிறேன். கட்டுரையைத் திரும்பச் சேர்த்துவிட்டேன். அந்த மண் ஆய்வாளரை இரண்டு பக்கமாகச் சுருக்கிவிட்டேன், அவர் ஒன்றும் சொல்லமாட்டார். அச்சகத்தில் பேசி இரண்டு வாரம் நிறுத்திவைத்திருக்கிறேன். மாப்பிள்ளை பென்சிலில் குறித்த திருத்தங்களையும் சேர்க்கவேண்டும், அந்தப் பிரதியை அனுப்பிவை.

பதிப்பகத்தில் படித்தவர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? இந்த வரிசையில் இதுவரை வந்த கட்டுரைகளிலேயே இதுதான் சிறந்தது என்றார்கள். இதற்காகவே தொகுதியை வாங்குவார்கள் என்றார்கள். தங்கையே, நான் நாற்பது வருடம் எழுதியிருக்கிறேன், என்னிடம் யாரும் இப்படிச் சொன்னதில்லை. மாப்பிள்ளையால் எனக்குக் கிடைத்த ஒரே நன்மை இது. அவருக்கும் இது பெருமைதானே?

இரண்டாவது விதி மட்டும் பாக்கி. 'சம்மதம்' என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு உடனே அனுப்பு. இரண்டு வாரத்துக்கு மேல் நிறுத்த முடியாது.

உன் அண்ணன்


ஜூலை 4

அண்ணா,

அச்சகத்தை நிறுத்த முடிந்ததா? சந்தோஷம். ஒரு நாள்கூடத் தள்ளிப்போட மாட்டார்கள் என்று ஏப்ரலில் எழுதியிருந்தீர்கள். அந்தக் கடிதத்தைத்தான் அவர் கடைசிவரை சட்டைப்பையில் வைத்திருந்தார்.

சம்மதம் தரமாட்டேன்.

கட்டுரை நன்றாக இல்லை என்பதற்காக அல்ல. ரொம்ப நன்றாக இருக்கிறது. பேச்சு நிற்பதற்கு இரண்டு நாள் முன்னால்கூட இவர் சொன்னார்: "உன் அண்ணன் வாழ்க்கையில உருப்படியா எழுதினது இது ஒண்ணுதான்." அதனால்தான் தரமாட்டேன்.

அவர் ஆசைப்பட்டாரே, அவருக்கே துரோகமா என்று கேட்பீர்கள். ஆமாம், ஆசைப்பட்டார். என்னோடு இரண்டு வருடம் இருப்பதைவிட உங்களுடைய ஏழு பக்கம் பெரிதாகத் தெரிந்தது அவருக்கு. நான் காலைப் பிடித்துக் கேட்டபோதும் பெரிதாகத்தான் தெரிந்தது. என்னை விட்டுவிட்டு எதற்காகப் போனாரோ, அதை நான் அவருக்குக் கொடுக்கமாட்டேன். குடும்பத்தாரின் சம்மதம் என்றுதானே உங்கள் விதி? போனவரின் சம்மதம் என்று இல்லையே. விதி என்றால் விதிதான்.

பென்சில் பிரதியை எரித்துவிட்டேன். அந்தப் பூகோள உருண்டையைத் தனியாக அனுப்பியிருக்கிறேன். உள்ளே இருப்பதை எடுக்கவில்லை. ஆட்டிப் பார்த்தால் கேட்கும். பேச்சுத்துணை இல்லை என்றீர்களே.

நேற்று சும்மா உட்கார்ந்து யோசித்தேன். இதுதான் கடைசித் தொகுதி, இனி வரிசை கிடையாது. உயிரோடு இருப்பவர்களுக்கு இதிலும் இடமில்லை. அப்படியானால் உங்களைப் பற்றி எழுத எந்த இடமும் இல்லை அண்ணா. அந்த ஏழு பக்கத்தின் அடியில் 'எழுதியவர்' என்று உங்கள் பெயர் வந்திருக்கும். அது ஒன்றுதான் இருந்தது, அதுவும் இப்போது இல்லை. கேட்கிறவர்களுக்கு நகர்ந்த ஆறு மட்டும் நினைவிருக்கும்.

டாக்டர் சொன்னதை எல்லாம் கேளுங்கள். மாத்திரையை ஒருவேளைகூட விடாதீர்கள். நூறு வயது வரைக்கும் நன்றாக இருங்கள்.

தங்கை